கிரகித்தலும் பொருள்கோளும்

சென்ற ஆண்டு மாரி தொடங்குவதற்குச் சற்று முன்னர், ஒரு மாலைப்பொழுதில், எங்கள் வீட்டுத் திண்ணையருகே ஒரு பெண்பிள்ளை வந்து நின்றாள். படுவான்கரையிலிருந்து பஸ் ஏறி, மண்முனைப் பாலத்தைக் கடந்து வந்தவள். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்திற் கலைப்பட்டம் பெற்று மூன்று ஆண்டுகள் கழிந்துவிட்டன. கையில் ஒரு கட்டுப் பழைய வினாத்தாள்கள். முன்னொரு காலத்தில் என்னிடம் இலக்கணம் படித்தவளாதலால், இருக்கச் சொல்லி, வந்த காரியம் என்னவென்று கேட்டேன்.

"ஐயா, வங்கிப் பரீட்சை இரண்டு முறை எழுதினேன். கணக்கும் நுண்ணறிவும் எனக்குப் பயமில்லை. இங்கிலீஷில் ஒரு பந்தி தந்து, அதை வாசித்து விடை எழுதச் சொல்லும் கிரகித்தல் பகுதிதான் இரண்டு முறையும் என்னை விழுத்திப்போட்டது. இன்னும் ஒரு முறை எழுதலாம். அதற்குப் பிறகு வயதெல்லை கடந்துவிடும்," என்றாள்.

"பிள்ளை, நான் தமிழ்ப் பண்டிதன். ஆங்கிலத்துக்கு இந்த ஊரில் எத்தனையோ ஆசிரியர்கள் இருக்கிறார்களே!"

"எல்லாரிடமும் போய் வந்துவிட்டேன் ஐயா. இரண்டாயிரம் சொல் பாடமாக்கியிருக்கிறேன்."

இந்தக் கடைசி வார்த்தை என் மனத்திற் பட்டது. ஒரு வினாத்தாளை வாங்கி, அதிலுள்ள பந்தியை வாசிக்கச் சொன்னேன். தடையின்றி வாசித்தாள். சொல் ஒவ்வொன்றாகச் சுட்டிப் பொருள் கேட்டேன், சொன்னாள். வாக்கியத்துக்குப் பொருள் கேட்டேன், தயங்கினாள். பந்தி முழுவதும் எதைச் சொல்ல வந்தது என்று கேட்டேன், தலையைக் குனிந்துகொண்டாள்.

அலுமாரியிலிருந்து ஒரு பழைய தமிழ்க் கட்டுரைத் தொகுதியை எடுத்து, அவள் முன்பு கண்டிராத ஒரு பக்கத்தைக் காட்டி, அதே மூன்று கேள்விகளையும் கேட்டேன். சொல்லுக்குப் பொருள் வந்தது. வாக்கியத்திலே தயக்கம் வந்தது. பந்தியிலே மௌனம் வந்தது. ஆங்கிலத்தில் எங்கே இடறினாளோ தமிழிலும் அங்கேதான் இடறினாள். அவளுக்குத் தமிழ் கற்பித்தவன் நான். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

எங்கே இருக்கிறது?

நித்திரை வராமைக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1994ஆம் ஆண்டில் நானும் இப்படியொரு பரீட்சைக்குப் போனவன். ஒரு நிறுவனத்தில் இலிகிதர் உத்தியோகத்துக்கான போட்டிப் பரீட்சை அது. அப்பொழுது நான் பால பண்டித வகுப்பிற் படித்துக்கொண்டிருந்தேன். வீட்டு நிலைமை உத்தியோகத்தை வேண்டிநின்றது.

வினாத்தாளிலே வந்த ஆங்கிலப் பந்தி ஒரு களப்பையும் அதன் கரையில் வாழ்ந்த மீனவரையும் பற்றியது. அதைக் கண்டதும் எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்ல முடியாது. களப்புக்கரையிலே பிறந்தவனிடம் களப்பைப் பற்றிக் கேட்கிறார்கள்! மீனவர் தொகை குறைந்ததற்குக் காரணம் யாது என்பது வினா. நான்கு விடைகள் தரப்பட்டிருந்தன. அவற்றுள் ஒன்று, களப்பின் வாய் மணலால் அடைபட்டமை. எங்கள் முகத்துவாரம் மணல் மூடுவதும், மாரி வெள்ளம் வயல்களை அமிழ்த்தாதபடி அந்த மணற்றிட்டை வெட்டிவிடுவதும் சிறு பிராயந்தொட்டு நான் அறிந்த சங்கதிகள். வாய் அடைபட்டால் மீன் குறையும், மீன் குறைந்தால் மீனவர் குறைவர் என்று எண்ணினேன். அந்த விடையைக் கோடிட்டு, எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் தோணியிலே வாவியைக் கடந்து, படுவான்கரையில் இருந்த என் ஆசிரியரிடம் வினாத்தாளோடு போனேன். அவர் பழைய மரபிலே வந்த பண்டிதர். ஆங்கில எழுத்துக்களைக் கூட்டி வாசிக்கவும் அறியாதவர். "பந்தியைத் தமிழாக்கிச் சொல், கேட்போம்," என்றார். நான் சொல்லச் சொல்ல, "எழுவாய் எது? முற்று எது?" என்று ஒவ்வொரு வாக்கியத்திலும் நிறுத்தி நிறுத்திக் கேட்டார். இடையில் ஒரு வாக்கியத்தை, "அந்த ஆண்டுகளிலே களப்பின் வாய் இறுக அடைபட்டிருந்தது," என்று மொழிபெயர்த்தேன். அடுத்த வாக்கியம், எல்லாப் பருவத்திலும் தோணிகள் கடலுக்குப் போய் வந்தன என்றது. ஆசிரியர் கையை உயர்த்தினார்.

"நில். வாய் இறுக அடைபட்டிருந்தால் தோணி எப்படி மகன் கடலுக்குப் போனது?"

எனக்கு விடை தெரியவில்லை. அகராதியைப் புரட்டினோம். அங்கே இருந்த சொல் 'ஹார்ட்லி' என்பது. 'ஹார்ட்' என்றால் கடினம், ஆகவே 'ஹார்ட்லி' என்றால் கடினமாக, இறுக்கமாக என்று நானே பொருள் பண்ணிக்கொண்டேன். அகராதியோ 'இல்லையென்னுமளவுக்கு அரிதாக' என்று சொல்லிற்று. களப்பின் வாய் அடைபட்டதே அரிது என்பதுதான் பந்தியின் கூற்று. மீனவர் குறைந்ததற்கு அவர்களின் பிள்ளைகள் பட்டினத்து வேலைகளுக்குப் போனமையே காரணம் என்று நான்கு வரி கழித்துத் தெளிவாகவே எழுதியிருந்தது.

"நீ எழுதிய விடை பந்தியில் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார் ஆசிரியர். எங்கும் இல்லை. "வாய் அடைபட்டது உன் களப்பில், அவன் எழுதிய களப்பில் அன்று," என்று சொல்லிச் சிரித்தார்.

அந்த உத்தியோகம் எனக்குக் கிடைக்கவில்லை. அதையிட்டு இன்று எனக்கு மனத்தாங்கல் இல்லை. ஆனால், ஆங்கிலம் அறியாத ஒருவர் என்னுடைய ஆங்கிலப் பிழையைக் கண்டுபிடித்தது எவ்வாறு என்னும் வினா மட்டும் பல ஆண்டுகளாக என்னோடு இருந்தது.

சொல்லின் கதை

நம் பாடசாலைகளில் இப்பயிற்சிக்குக் 'கிரகித்தல்' என்று பெயர். இது வடசொல். பற்றுதல், பிடித்தல் என்பது அதன் அடிப்படைப் பொருள். சூரியனை இருள் பற்றுவது கிரகணம்; வானத்தில் நின்று மனிதரைப் பற்றுவதாக எண்ணப்பட்டது கிரகம். ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் 'கொம்பிரிஹென்ஷன்' என்னும் சொல்லும் இலத்தீன் மொழியிற் 'பிடித்தல்' என்னும் வினையடியாகப் பிறந்ததே.

தமிழில் என்ன சொல் உண்டு? 'கொள்' என்பது வினையடி. அது முதனிலை திரிந்து 'கோள்' என்னும் தொழிற்பெயராகும். வடமொழியார் கிரகம் என்றதை நாமும் கோள் என்றே வழங்குகின்றோம். செய்யுளின் பொருளைப் பற்றிக்கொள்ளும் முறைக்கு நம் இலக்கண ஆசிரியர்கள் இட்ட பெயர் 'பொருள்கோள்'. ஆகவே கிரகித்தல் என்பதற்கு நேரான தமிழ் நம்மிடம் நெடுங்காலமாக இருக்கின்றது. சொல் மாத்திரமன்று, அதன் கலையும் இருக்கின்றது. கோள் என்பதற்குப் புறங்கூறல் என்றும் ஒரு பொருள் உண்டு. எழுதியவன் சொல்லாததை அவன் சொன்னதாகக் கொள்வதும் அவன்மேற் கோள் சொல்லுதலே அன்றோ!

என் ஆசிரியர் அன்று செய்தது வேறொன்றுமில்லை. ஒரு செய்யுளை எப்படி அணுகுவாரோ அப்படியே அந்த அந்நியப் பந்தியையும் அணுகினார். எழுவாயையும் பயனிலையையும் முதலிற் பிடித்தார். முன்வாக்கியமும் பின்வாக்கியமும் முரணுகின்றனவா என்று பார்த்தார். முரண் கண்ட இடத்திலே, நூலாசிரியன் தவறினான் என்று துணியாமல், நம்முடைய வாசிப்புத் தவறியிருக்கலாம் என்று ஐயுற்றார். இவை மூன்றும் உரையாசிரியருக்குரிய ஒழுக்கங்கள்.

எட்டு வழிகள்

தமிழ் மாணவர் ஆங்கில வாக்கியத்தில் இடறுவதற்குச் சொல்வறுமையே காரணம் என்பது பொதுவான எண்ணம். வாக்கியத்தின் கட்டடம் வேறுபடுவது அதனினும் பெரிய காரணம் என்பது என் அனுபவம். தமிழிலே வினைமுற்று ஈற்றில் நிற்கும். உண்டா இல்லையா என்பது அந்த ஈற்றிலேதான் தெரியவரும். 'வந்திலன்', 'வரவில்லை' என்று எதிர்மறை கடைசியில் வரும்வரை நாம் காத்திருப்போம். ஆங்கிலத்திலோ எதிர்மறை முன்னாலேயே வந்து போய்விடுகின்றது. சில வேளைகளில் அது எதிர்மறை போலத் தோற்றாத உருவத்திலும் வருகின்றது. 'ஹார்ட்லி' அப்படிப்பட்டது. 'செல்டம்' அப்படிப்பட்டது. 'எ பியூ' என்றால் சிலர் உண்டு. முன்னிற்கும் 'எ' என்னும் ஓரெழுத்தை நீக்கிப் 'பியூ' என்று மாத்திரம் சொன்னால் இல்லையென்னத்தக்க சிலரே. ஈற்றை நோக்கிக் காத்திருக்கப் பழகிய தமிழ்க் கண் இவற்றைக் காணாமற் கடந்துவிடுகின்றது.

பெயரை விசேடிக்கும் தொடர் தமிழிற் பெயருக்கு முன்னே நிற்கும். 'நேற்று மண்டூருக்குப் போன வண்டி' என்கிறோம். ஆங்கிலத்தில் வண்டி முன்னே வரும். நேற்று மண்டூருக்குப் போனமை பின்னே வால் போலத் தொடரும். அந்த வால் நீண்டால், மாணவர் வாலிலுள்ள வினையையே வாக்கியத்தின் முற்று என்று மயங்குவர்.

செய்யுள் படித்தவனுக்கு இத்தகைய இடமாற்றம் புதிதன்று. நன்னூலார் பொருள்கோள் எட்டு என்றார். அவற்றுட் சிலவற்றை ஆங்கில உரைநடையிலே காணலாம். ஆற்றுநீர் போல இடையறாது செல்லும் வாக்கியத்தில் எவருக்கும் இடர்ப்பாடில்லை. கதை கூறும் பந்திகள் பெரும்பாலும் இவ்வகையின. பெயர்களை ஒரு நிரலாகவும் அவற்றுக்குரிய செயல்களை மற்றொரு நிரலாகவும் நிறுத்துவது நிரனிறை. ஆங்கிலத்தார் வாக்கியத்தின் ஈற்றிலே 'ரெஸ்பெக்டிவ்லி' என்னும் சொல்லை வைத்தால் அது நிரனிறை என்று அறிந்துகொள்ளலாம். எழுவாய் தொடக்கத்திலும் அதன் பயனிலை தொலைவிலும் நின்று, இடையிலே பல அடைகள் புகுந்திருந்தால், வில்லின் இரு நுனிகளையும் நாண் சேர்ப்பது போல முதலையும் ஈற்றையும் பூட்டிப் பார்க்கவேண்டும், இது பூட்டுவில். நடுவே நிற்கும் ஒரு தொடர் ஊசல் போல இருபுறமும் சென்று பொருந்துமாயின் அது தாப்பிசை. இவ்விடத்திலேதான் வினாத்தாள் செய்வோர் பொறி வைப்பர்.

அந்தப் பெண்பிள்ளைக்கு நான் முதலிற் சொல்லிக்கொடுத்தது இவ்வளவே. ஆங்கில வாக்கியம் ஒன்றைக் கண்டால், தெரியாத சொல்லைத் தேடாதே, முற்றைத் தேடு. முற்றைக் கண்டபின் அதற்குரிய எழுவாயைத் தேடு. இரண்டையும் பூட்டு. பின்னர் மற்றவற்றை அதனதன் இடத்திலே கொண்டுகூட்டு. நன்னூலை வரப்பண்ணிய பிள்ளையாதலால், "இது தெரிந்த காரியந்தானே ஐயா!" என்று வியந்தாள்.

ஐந்து வினாக்கள்

இனி, பந்தியின் கீழே கேட்கப்படும் வினாக்களைப் பார்ப்போம். எந்தப் பரீட்சையை எடுத்தாலும் அவை பெரும்பாலும் ஐந்து வகைக்குள் அடங்குகின்றன.

முதலாவது, ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்பது. இங்கே அகராதிப் பொருள் போதாது. சொல் நிற்கும் இடம் நோக்கிப் பொருள் கொள்ளவேண்டும். ஒரு சொற் பல பொருளாய் வருமிடத்து இடனறிந்து பொருள்கொள்வதை நாம் திவாகரமும் நிகண்டும் படித்த காலத்திலேயே பழகியிருக்கிறோம்.

இரண்டாவது, 'இது', 'அவை' முதலான சுட்டுக்கள் எதைக் குறிக்கின்றன என்பது. சுட்டுக்கு அண்மையில் நிற்கும் பெயரையே அதன் பொருளாகக் கொள்ளுதல் மாணவர் செய்யும் பிழை. அந்தப் பெயரைச் சுட்டின் இடத்தில் வைத்து வாசித்துப் பார்த்தால் பிழை தானே வெளிப்படும்.

மூன்றாவது, பந்தியிலே வெளிப்படையாகச் சொல்லப்பட்டதைக் கேட்பது. இது எளிது. ஆயினும் விடையைப் பந்தியிலுள்ள சொற்களால் எழுதாமல், வேறு சொற்களால் எழுதியிருப்பர். பந்தியின் சொற்களை அப்படியே பெயர்த்துவைத்த விடை பலமுறை தவறான விடையாயிருக்கும். கண் பழகிய சொல்லைக் கண்டு கை கோடிடுகின்றது.

நான்காவது, குறிப்பாற் பெறப்படுவதைக் கேட்பது. சொல்லாமற் சொன்னது எது? நம் இலக்கணம் வெளிப்படை, குறிப்பு என்று பகுத்திருக்கின்றது. குறிப்புப் பொருளுக்கு எல்லை உண்டு. சொல்லியவற்றால் தவறாது பெறப்படுவதே குறிப்பு. அதற்கு அப்பாற் செல்வது நம் கற்பனை.

ஐந்தாவது, பந்தியின் மையக் கருத்தையோ பொருத்தமான தலைப்பையோ கேட்பது. தரப்படும் விடைகளுள் ஒன்று மிக அகன்றிருக்கும். பந்தி தொடாததையும் தழுவும். ஒன்று மிகக் குறுகியிருக்கும்; ஒரு வாக்கியத்துக்கு மாத்திரம் பொருந்தும். ஒன்று உலகத்தில் உண்மையாயிருக்கும், பந்தியில் இராது. எஞ்சியது விடை. நான் 1994இல் விழுந்தது அந்த மூன்றாவது குழியில்.

உரைக்கு உறுப்புப் பதினான்கு என்று நன்னூல் வகுக்கின்றது. அவற்றுள்ளே கருத்தும் உண்டு, சொற்பொருளும் உண்டு, வினாவும் விடையும் உண்டு. ஐயம் நேர்ந்தவிடத்து இதுவே பொருள் என்று தெளியும் துணிவும் உண்டு. நான்கு விடைகளுள் ஒன்றைத் தெரிவது துணிவு என்னும் உறுப்பன்றி வேறென்ன? இவ்வளவு கருவிகளைக் கையில் வைத்துக்கொண்டு நம் பிள்ளைகள் ஓர் ஆங்கிலப் பந்தியின் முன்னே நிராயுதபாணிகளாய் நிற்கின்றனர்.

முன்னோர் இருவர்

போட்டிப் பரீட்சையும் ஆங்கிலமும் நம் நாட்டிற்கு ஒன்றாகவே வந்தவை. 1833ஆம் ஆண்டுக் கோல்புறூக் சீர்திருத்தங்கள் இலங்கையரை அரசாங்க உத்தியோகத்துக்கு அனுமதித்தன. அந்த வாயிலுக்கு ஆங்கிலமே திறவுகோலாயிற்று. இங்கிலாந்தில் 1854இல் வெளிவந்த நோர்த்கோட், திரெவெலியன் என்போரின் அறிக்கை, செல்வாக்கினால் அன்றித் திறமையினால் உத்தியோகத்தர் தெரியப்படவேண்டும் என்றது. அப்படி நடந்த திறந்த போட்டிப் பரீட்சையில் தேறி இலங்கைச் சிவில் சேவைக்குள் 1875இல் முதன்முதற் புகுந்த இலங்கையர் பொன்னம்பலம் அருணாசலம். அவர் பிற்காலத்திலே திருவாசகத்தை ஆங்கிலமாக்குவதிலும் சைவ சித்தாந்த ஆராய்ச்சியிலும் ஈடுபட்டார். ஆங்கிலப் பரீட்சை அவரைத் தமிழிலிருந்து பிரித்துவிடவில்லை.

மற்றவர் எங்கள் மண்ணுக்கே உரியவர். 1892இல் காரைதீவிலே மயில்வாகனன் என்னும் பெயரோடு பிறந்து, விபுலாநந்த அடிகளாய் உயர்ந்தவர். பதினாறாம் வயதிலே கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையிற் சித்தியெய்தினார். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் பரீட்சையிலே தேறினார். இலங்கையிலிருந்து அதில் தேறிய முதல்வர் அவரே. 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டம் பெற்றார். 1926இல் வெளியான 'மதங்க சூளாமணி'யிலே ஷேக்ஸ்பியரின் நாடகங்களை எடுத்து, நம் நாடக இலக்கணமும் சுவையும் கொண்டு ஆராய்ந்தார். இந்த நூல் எனக்கு ஒரு பெரும் பாடம். ஆங்கில நூலை ஆங்கிலக் கண்ணால் மாத்திரமே வாசிக்கவேண்டும் என்று அவர் எண்ணவில்லை. தமிழில் வாசிக்கக் கற்றவன் எதையும் வாசிப்பான் என்பதை அவர் செய்துகாட்டினார்.

இன்று காலம் மாறிவிட்டது. 1988ஆம் ஆண்டு அரசியலமைப்புத் திருத்தத்தின் பயனாக அரச சேவைப் பரீட்சைகளைத் தமிழில் எழுதும் உரிமை உறுதிசெய்யப்பட்டது. அதனால் ஆங்கிலம் தேவையற்றுப் போயிற்றோ? இல்லை. வங்கிகளும் தனியார் நிறுவனங்களும் வெளிநாட்டுப் புலமைப்பரிசில்களும் அதைக் கேட்கின்றன. இந்தியாவிலே வங்கி உத்தியோகத்தரைத் தெரிவதற்கு ஐ.பி.பி.எஸ். நிறுவனம் நடத்தும் முதனிலைப் பரீட்சையில் ஆங்கிலத்துக்கு 30 வினா, 20 நிமிடம். ஒரு வினாவுக்கு 40 விநாடி. பந்தியை வாசிக்கும் நேரமும் அதற்குள் அடக்கம்.

நண்பரின் மறுப்பு

இக்கருத்துக்களை ஆங்கிலம் கற்பிக்கும் என் நண்பரொருவரிடம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பண்டிதர், நீங்கள் சொல்வது அழகாயிருக்கிறது. ஆனால் பத்துச் சொல்லுக்கு நான்கு சொல் தெரியாத பிள்ளைக்குப் பூட்டுவில்லால் என்ன பயன்? 40 விநாடியில் அவன் எந்த வில்லைப் பூட்டுவான்?" என்றார்.

நியாயமான கேள்வி. சொல்வளமின்றி வாசிப்பு இல்லை. நல்ல ஆசிரியரும் நல்ல நூல்நிலையமும் உள்ள பட்டினத்துப் பிள்ளைக்கும், அவை இரண்டும் இல்லாத படுவான்கரைப் பிள்ளைக்கும் ஒரே வினாத்தாளைக் கொடுத்துவிட்டு அதைச் சமவாய்ப்பு என்பதும் முழு நியாயமன்று. அந்தக் குறையைப் பொருள்கோள் தீர்த்துவிடாது. இவற்றையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன்.

ஆயினும் இரண்டு மறுமொழிகள் உண்டு. சொற்களைப் பட்டியலாகப் பாடம் பண்ணியவனுக்கு, வாக்கியத்தில் அவை உருமாறி வரும்பொழுது கைகொடா. வாக்கியத்தோடு கற்ற சொல்லே கைக்கு உதவும். இரண்டாயிரம் சொல் பாடமாக்கிய பிள்ளையே இதற்குச் சான்று. மற்றது வேகம். வேகம் கண்ணின் விரைவால் வருவதன்று. திரும்பத் திரும்ப வாசியாமையால் வருவது. எழுவாயையும் முற்றையும் முதல் வாசிப்பிலே பற்றியவன் அந்த வாக்கியத்துக்குத் திரும்பி வருவதில்லை. நண்பர் சற்று யோசித்து, "சரி, பந்தி தெரிவதும் சொல் விளக்குவதும் என் பொறுப்பு, வாசிக்கப் பழக்குவது உங்கள் பொறுப்பு," என்றார். இப்படியாகச் சனிக்கிழமை தோறும் எங்கள் திண்ணையில் ஒரு வகுப்புத் தொடங்கிற்று.

சனிக்கிழமைத் திண்ணை

அறுவர் வந்தார்கள். முறையை நன்னூலே தந்தது. ஆசிரியன் உரைத்ததைச் செவ்வையாகக் கேட்டாலும் மாணவன் பெறுவது காற்பங்கே. உடன் கற்பாரோடு பழகுவதால் ஒரு காற்பங்கு. பிறருக்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கும் கைவரும் என்பது பவணந்தியார் காட்டிய கணக்கு.

ஆகவே ஒரு நாளைக்கு ஒரே ஒரு பந்தி. அதற்கு மேல் இல்லை. முதலிற் கடிகாரம் வைத்து வாசித்து, ஒவ்வொருவரும் தனித்தனியே விடை எழுதுவர். பின்பு வினாத்தாளைக் கவிழ்த்துவைத்துவிட்டு, பந்தி சொன்னதை இரண்டு தமிழ் வாக்கியங்களிற் சொல்லவேண்டும். சொல்ல முடியாதவர் மறுபடி வாசிப்பார். அதன்பின் இருவர் இருவராயிருந்து, தாம் எழுதிய விடைக்கு ஆதாரமான வரியை விரலால் தொட்டுக் காட்டுவர். "எங்கே இருக்கிறது?" என்பது எங்கள் திண்ணையின் தாரக மந்திரமாயிற்று. சரியான விடை எழுதியவர்க்கும் வரியைக் காட்ட முடியாவிட்டால் புள்ளி இல்லை. தவறான விடைகள் மூன்றும் ஏன் தவறு என்பதையும் சொல்லவேண்டும். ஈற்றில், அன்று கண்ட புதிய சொற்களை அவை நின்ற வாக்கியத்தோடு கொப்பியில் எழுதிக்கொள்வர். ஒரு பந்திக்கு ஒன்றரை மணிநேரம் சென்றது. முதல் மாதத்திலே, இப்படிப் போனால் பரீட்சைக்குள் எத்தனை பந்தி முடிப்பது என்று அவர்கள் கலங்கினார்கள். மூன்றாம் மாதத்திற் கடிகாரம் தானே குறைந்தது.

ஒரு சங்கதியை மறைக்காமற் சொல்லவேண்டும். இருபது ஆண்டுகளுக்கு மேலாக நான் வகுப்பிலே குறிப்புச் சொல்லிக் கொடுத்து வந்தவன். பாடலுக்குப் பதவுரை நான் சொல்வேன். கருத்துரை நான் சொல்வேன். எதிர்பார்க்கும் வினாவும் நானே சொல்லி, அதற்கு விடையும் நானே எழுதுவிப்பேன். பிள்ளைகள் அவற்றை மனனம் பண்ணித் திறமைச் சித்தி பெற்றார்கள். பெற்றோர் என்னைப் புகழ்ந்தார்கள். காணாத ஒரு பந்தியை முன்னே வைத்து, நீயே வாசித்து நீயே உரை சொல் என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை. உரையைக் கொடுத்தேன், உரைகாணும் கலையைக் கொடுக்கவில்லை. அந்தப் பெண்பிள்ளை திண்ணையிலே தலைகுனிந்து இருந்தபொழுது, குனியவேண்டிய தலை என்னுடையது. தமிழிலே குறிப்புக்குப் பழகிய பிள்ளை ஆங்கிலத்துக்கும் குறிப்பையே தேடி அலைகின்றது. போட்டிப் பரீட்சையோ குறிப்புக் கொடாத பரீட்சை.

தமிழாசிரியர்களாகிய நண்பர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். கிரகித்தல் ஆங்கில ஆசிரியரின் பாடம் என்று ஒதுங்கவேண்டா. கிழமைக்கு ஒருநாளாவது, பாடப்புத்தகத்தில் இல்லாத ஒரு தமிழ்ப் பந்தியைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். பத்திரிகைத் தலையங்கமாயினும் ஆகுக. நீங்கள் பேசாதிருங்கள். அவர்கள் சொல்லட்டும். சொன்னதும், எங்கே இருக்கிறது என்று மாத்திரம் கேளுங்கள். மாணவ நண்பர்களுக்குச் சொல்வது: சொற்பட்டியலைச் சற்றே மூடிவைத்து, ஒரு நாளுக்கு ஒரு பந்தியை முழுவதும் வாசியுங்கள், வாசித்ததை வீட்டிலே தம்பிக்கோ தங்கைக்கோ எடுத்துச் சொல்லுங்கள்.

அந்தப் பெண்பிள்ளை இம்முறையும் பரீட்சை எழுதினாள். முடிவு இன்னும் வரவில்லை. எழுதிய அன்று மாலையே பஸ்ஸை விட்டிறங்கி நேரே எங்கள் வீட்டுக்கு வந்தாள். பந்தி இலகுவா, கடினமா என்று நான் கேட்கவில்லை. "எதைப் பற்றியது?" என்று கேட்டேன். திண்ணையில் இருந்தபடியே இரண்டு வாக்கியங்களிற் சொன்னாள். சொல்லிவிட்டு, "மூன்றாம் வினாவிலே ஒரு விடை உலகத்துக்கு உண்மை ஐயா, பந்தியில் இல்லை, விட்டுவிட்டேன்," என்றாள்.

உள்ளே எழுந்து போய், 1994ஆம் ஆண்டு வினாத்தாளை எடுத்துவந்து அவள் கையிற் கொடுத்தேன்.